நைனா காதுக்கு ஒரு சைலன்சர்

சைலன்சர் வாங்கக் கடைக்குப் போகிறவன் எவனும் சைலன்ஸ் வாங்கப் போவதில்லை. சத்தம் வாங்கத்தான் போகிறான். அந்தச் சாமானுக்குப் பெயர் வைத்தவன் ராயபுரம் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. நானும் சத்தம் வாங்கத்தான் போனேன். ஆனால் எனக்காக இல்லை, என் அப்பாவுக்காக. இதைச் சொன்னால் எங்கள் சந்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நான் உண்மை சொன்னாலே சிரிப்பார்கள். அது நான் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பெயர்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். காது அப்படி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆரம்பத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, சுத்தியலால் துரு தட்டுகிற வேலை. இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இரும்பை இரும்பால் அடித்தால் காது என்ன ஆகும்? பாதி அங்கேயே போயிற்று. அப்புறம் கலாசி ஆனார். கலாசி என்றால், கிரேன் தூக்குகிற சுமைக்கு வயர் ரோப் மாட்டிவிட்டு, கீழே நின்று ஆபரேட்டருக்குக் கையால் சைகை காட்டுகிறவர். தூக்கச் சொல்ல ‘ஆவீஸ்’, இறக்கச் சொல்ல ‘ஆரியா’. அது எந்த ஊர் பாஷை என்று நைனாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் அதே வேலைதான், எண்ணூர் பக்கம் ஒரு இரும்பு யார்டில். பத்தாவதை நான் பாதியில் விட்டேன். பத்தாவதும் என்னைப் பாதியில் விட்டது. அதனால் எங்களுக்குள் பகை இல்லை.

யார்டு வெல்டர் ஒருத்தரிடமிருந்து பழைய க்ரூஸர் பைக் ஒன்று வாங்கியிருந்தேன். கையை உயர்த்திப் பிடித்து, காலை முன்னால் நீட்டி, சலூன் நாற்காலியில் சவரத்துக்குச் சாய்ந்த மாதிரி ஓட்டுகிற வண்டி. பார்க்கக் காட்டெருமை. ஆனால் கம்பெனி மாட்டி அனுப்பிய சைலன்சரில் பூனை பால் நக்குகிற அளவுக்குத்தான் சத்தம்.

எங்கள் சந்து ஒரு வண்டியும் அரை ஆளும் போகிற அகலம். அதற்குள் தினமும் நுழைகிற ஒரே மோட்டார் என்னுடையதுதான். மற்றவர்கள் முனையிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் மட்டும் வீட்டு வாசல் வரைக்கும் ராஜா மாதிரி வந்து இறங்குவேன். நைனா மெயின் ரோட்டில் ரொம்ப உஷார். அங்கே கண்ணால் கேட்பார். நாலு பக்கமும் பார்த்துத்தான் காலை வைப்பார். சந்துக்குள் திரும்பியதும் வீட்டுக்குள் வந்துவிட்ட நினைப்பு. நடுவில் நடப்பார்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி. நைனா டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு முன்னால் போகிறார். நான் பின்னால் வருகிறேன். மூன்று தடவை ஹாரன் அடித்தேன். ஒதுங்குவார் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. பிரேக் பிடித்தேன். யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டி வைத்திருந்தார்கள். முன் டயர் வழுக்கி, ஹேண்டில்பார் போய் அவர் இடுப்பில் இடித்தது. தூக்கு உருண்டது. கொதிக்கிற டீ காலில். நைனா சுவரைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

“ஹாரன் அட்ச்சியா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“அத்தானே. கேட்டுச்சு, கேட்டுச்சு. நான்தான் ஏதோ நெனப்புல நடந்துகினு இருந்தேன்.”

இடுப்பு வீங்கிப் பன்னிரண்டு நாள் கட்டிலில் கிடந்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கலாய்த்துவிட்டுப் போயிருப்பேன். ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

“அந்தாளுக்குக் கேக்கற மாரி வண்டி ஓட்டு. இல்லாங்காட்டி தள்ளிகினு வா.”

சரி என்றேன். அன்றிலிருந்து சந்து முனையில் இறங்கி, வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். கிட்டத்தட்ட இருநூறு கிலோ. மழை பெய்தாலும் தள்ளினேன். டபுள் ஷிப்டு முடிந்து வந்தாலும் தள்ளினேன். நைனாவுக்குக் கேட்கிற ஒரு சைலன்சரை மாட்டுகிற வரைக்கும் சந்துக்குள் சீட்டில் உட்காருவதில்லை என்று முடிவு பண்ணியாயிற்று. சந்தில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல தீனி.

“இன்னாடா, எருமைக்கு ஒடம்பு சரியில்லியா? டாக்டராண்ட காட்னியா?” எதிர் வீட்டு அக்கா தினமும் கேட்கும்.

“மாசமா கீதுக்கா. ஓட்டக் கூடாதுன்ட்டாங்க” என்பேன்.

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டலாமே என்று கேட்பீர்கள். வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அதை மாட்டினால் தலைக்குள்ளே யாரோ சோற்றுத் தட்டுகளைக் கொட்டுகிற மாதிரி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு போவார், அதுவும் சுவிட்சைப் போடாமல். மற்ற நாளெல்லாம் அது பீரோவில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும். நைனாவுக்குப் பதிலாக மாதாவாவது கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஹாரனை மாற்றிப் பார்த்தேன். லாரிக்காரன் கூடத் திரும்பிப் பார்க்கிற ஹாரன். நைனா சாப்பிடும்போது பின்னால் நின்று அழுத்தினேன். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா கரண்டியை விட்டெறிந்தாள்.

யார்டில் என்னோடு வேலை பார்க்கிற தோஸ்து ஒருத்தன், வண்ணாரப்பேட்டைக்காரன். வண்டிகளைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“மாமு, குட்டை பைப்பு போடு. காதுல கேக்காது, கொடல்ல கேக்கும். செத்தவன் எய்ந்து குந்துவான்.”

“எங்க நைனா உயிரோடதான்டா கீறாரு.”

“அப்போ டான்ஸே ஆடுவாரு, போ.”

வாங்கிவிட்டேன். முழங்கை நீளம்தான் இருக்கும். உள்ளே தடுப்புத் தகடு ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் திருவொற்றியூர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டி, வண்டியை வாசல் வரைக்கும் தள்ளிவந்து நிறுத்தினேன். நைனா எனக்கு முதுகைக் காட்டி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் பட்டனைத் தட்டி முறுக்கினேன்.

பட்பட்பட்படார் என்று சந்தே கிழிந்தது. மின்கம்பியில் இருந்த காக்காய் அத்தனையும் பறந்தது. நாய் ஒன்று எங்கே ஓடுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடியது. எதிர் வீட்டு அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்தது. “டேய் கய்தே! காது அறுந்து வுய்ந்துடும் போல கீதே, நிறுத்துடா!” சந்தில் அந்தச் சத்தத்தைக் கேட்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது இறாலின் தலையைக் கிள்ளி, நரம்பை உருவி, கிண்ணத்தில் போட்டது. அடுத்த இறாலை எடுத்தது.

வண்டியை அணைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். நைனா உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்.

“எப்டி நைனா கீது சவுண்டு?”

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வண்டியை ஒரு தரம் பார்த்தார்.

“சோக்கா கீதுடா. புலி மாரி கீது.”

எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்ப வண்டிக்குப் பக்கத்தில் போய் ஹேண்டிலைப் பிடித்தேன். இந்த முறை அவரை என் பக்கம் பார்க்க வைத்தேன். இன்ஜினைப் போடவில்லை. சும்மா கையை முறுக்கி, உடம்பைக் குலுக்கி, பல்லைக் கடித்து நடித்தேன்.

“இப்போ?”

“அடேயப்பா! இத்து இன்னும் சோக்கா கீதே!”

எதிர் வீட்டு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக இந்த மனுஷன் எத்தனை நாளாக, எத்தனை விஷயத்துக்கு இப்படிக் ‘கேட்டுச்சு’ என்று பீலா விட்டுக்கொண்டிருக்கிறார் என்று யோசித்தேன். ஹாரன் அடித்தது கேட்டது என்றாரே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் என்னை ஓரங்கட்டினார். குனிந்து லத்தியின் முனையை அந்தக் குட்டை பைப்புக்குள் விட்டுப் பார்த்தார். பாதி லத்தி உள்ளே போயிற்று.

“உள்ள ஒண்ணுமே இல்லியேடா. உன் மண்டை மாரியே கீது.”

அபராதம் போட்டார். பேச்சில் என்னை ஜெயித்தவரை நான் மதிப்பேன். அன்றைக்கே அதைக் கழற்றிவிட்டு, பழையபடி பூனையை மாட்டினேன். மறுபடியும் தள்ளல்.

அந்த வாரத்தில் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நைனா சும்மா இருந்தவர், திடீரென்று சொன்னார்.

“லோடு வண்டி போவுது. நல்ல வெயிட்டு.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டிவியை அணைத்தேன். அப்போதுதான் ரெண்டு தெரு தாண்டி, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டு போவது லேசாகக் கேட்டது. அதை நைனா எனக்கு முன்னால் பிடித்துவிட்டார். பக்கத்தில் கத்துகிற ஹாரன் கேட்காத காதுக்கு, ரெண்டு தெரு தள்ளிப் போகிற டிரெய்லர் கேட்கிறது!

அப்போதுதான் புரிந்தது. அவருக்குக் கீச்சென்று சன்னமாக வருகிற சத்தம்தான் கேட்காமல் போயிருக்கிறது. குக்கர் விசில், போன் மணி, அம்மா குரல், ஹாரன், குட்டை பைப்பின் பட்பட் எல்லாம் சன்னம். தடித்த சத்தம் மிச்சம் இருக்கிறது. நான் இத்தனை நாளும் பெரிய சத்தத்தைத் தேடினேன். தேட வேண்டியது தடித்த சத்தம். மெதுவாக இருந்தாலும் அடியிலிருந்து வர வேண்டும்.

ஆனால் எது தடித்த சத்தம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? என் காதுக்கு எல்லாம் கேட்கிறது. கண்டுபிடிக்க வேண்டியவர் நைனா. அவரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சோக்கா கீது என்பார். அம்மாவிடம் புலம்பினேன். நைனா தட்டில் அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அந்தாளு வாய இன்னாத்துக்குடா கேக்கறே? கைய கேளு.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். அம்மா ஊற்றுகிறாள். நைனாவின் வாய் ‘போதும், போதும்’ என்று மரியாதைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் இருந்த இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மேலே பார்த்துச் சின்னதாக வட்டம் போடுகிறது. ஆவீஸ். அம்மா ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். வட்டம் நின்று, உள்ளங்கை கீழே பார்த்து நீண்டது. நிறுத்து. நிறுத்தினாள். வாய் அதற்கப்புறமும் போதும் என்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அம்மா அவர் வாயைக் கேட்டதே இல்லையாம்.

கலாசிக்குக் கை பொய் சொல்லாது. சொல்லக் கூடாது. மேலே பத்து டன் தொங்கும், கீழே நாலு பேர் நிற்பார்கள். ஆபரேட்டர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறான். சந்தேகம் இருந்தால் நிறுத்து என்று காட்டுவோமே தவிர, சும்மா தூக்கு என்று காட்ட மாட்டோம். எனக்கே ஊரெல்லாம் பீலா விடுகிற வாய். கையால் இதுவரை ஒரு பொய் சைகை காட்டியதில்லை.

அடுத்த ஒரு மாதம் லீவு நாளெல்லாம் சைலன்சர் கடைதான். போன கடையிலெல்லாம் ‘எவ்ளோ சத்தம் வேணும்’ என்று கேட்டார்கள். கடைசியில் எம்.கே.பி. நகரில் ஒரு பாய் கடைக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது வயது இருக்கும். சுவர் முழுக்கப் பைப்பு தொங்கியது.

“பாய், சத்தம் கம்மியா இருக்கணும். கனமா இருக்கணும். மேல அலறக் கூடாது, அடியில இடிக்கணும்.”

“தம்பி, நீ பைப்பு பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?”

“பொண்ணு பாக்கறதா இருந்தா காந்தம் எடுத்துகினு வருவனா?”

பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பைப்பிலும் ஒட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் உப்புக் காற்று. சாதா இரும்புக்குக் கறுப்புப் பெயிண்டு அடித்து விற்பார்கள். அடுத்த மழைக்கு அப்பளமாகிவிடும். நல்ல ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் வழுக்கிக்கொண்டு விழும். நாலைந்து பைப்பில் காந்தம் பச்சக்கென்று பிடித்தது. பாய் முகத்தைப் பார்த்தேன்.

“அத்தெல்லாம் துட்டு இல்லாதவனுக்கு. நீ இந்தாண்ட வா” என்றார்.

முழு செட்டும் மாற்றட்டுமா என்று கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்ஜின்லேர்ந்து வர்ற பென்ட் பைப்பத் தொடாத. அங்க சென்சர் கீது. அத்தைத் தொட்டா வண்டி சளி புட்ச்ச மாரி இருமும். பின்னாடி குடுவை ஒண்ணுதான் உனக்கு. கழட்டி மாட்ட பத்து நிமிசம்.”

நைனாவுக்காக என்று விஷயத்தைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். “சனிக்கெயமை மதியானம் அவர இட்டுகினு வா. கூட்டம் இருக்காது” என்றார்.

நைனா வர மாட்டேன் என்றார். “எனக்கு இன்னாத்துக்கு? நீ எத்த வாங்கினாலும் சோக்காதான் இருக்கும்.” அதுதான் பிரச்சினை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அதனால் ஒரு பொய் சொன்னேன்: பாய் கடையில் ஒரு சுமை தூக்க வேண்டும், சைகை காட்ட ஆள் இல்லை. பேன்ட் மாட்டிக்கொண்டு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்து முனை வரைக்கும் வண்டியைத் தள்ளினேன். அவரும் பின்னால் கை கொடுத்தார்.

கடையில் சுமையும் இல்லை, கிரேனும் இல்லை என்று பார்த்ததும் முறைத்தார். நான் வண்டியைக் காட்டினேன். அதுதான் கிரேன். அவரைப் பத்து அடி தள்ளி, எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். எதுவும் பேசவில்லை, சைகைதான். இன்ஜின் ஓடுகிறது என்றால் விரல் மேலே. ஓடவில்லை என்றால் விரல் கீழே. தெரியவில்லை என்றால் நிறுத்து. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் விளையாட்டு எனக்குத் தெரியும் என்கிற பார்வை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். முதுகு நிமிர்ந்தது. பட்டறையில் நின்ற நிற்பு அது.

பாய் முதல் பைப்பை மாட்டினார். வாய் அகலமான பைப்பு, உறுமியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நைனாவின் கை உள்ளங்கை கீழே பார்த்து நீண்டது. தெரியவில்லை.

பாய் என்னைப் பார்த்தார். “இத்தான் என் கடையிலயே பெரிய ரவுடி” என்றார் மெதுவாக.

ரெண்டாவது. இரட்டைக் குழல். விரல் கீழே. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதற்கு விரல் மேலே போயிற்று. துள்ளிவிட்டேன். சும்மா சோதிக்க அணைத்தேன். விரல் அப்படியே நின்றது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் காட்டியிருக்கிறார்.

நாலாவதும் ஐந்தாவதும் அதே கதை. பாய் வியர்த்துப் போனார். இல்லாவிட்டால் என்ன, ஆயுசு முழுக்கத் தள்ளிக்கொண்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டேன். அப்போது கடை மூலையில் பாயின் சாப்பாட்டுப் பை எதிலோ மாட்டித் தொங்குவதைப் பார்த்தேன். நீளமான, தடித்த, பளபளப்புப் போன ஒரு குடுவை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதன் மூக்கில்தான் பை.

“அத்து இன்னா பாய்?”

“அத்த வுடு. எவனும் வாங்க மாட்டான். உள்ள மூணு அறை, தடுப்பும் கீது. சத்தமே வராது. பசங்க அத்த சாமியார் பைப்புன்னு கலாய்க்கறானுங்கோ.”

காந்தத்தை வைத்தேன். வழுக்கி விழுந்தது. “மாட்டுங்க” என்றேன்.

மாட்டினார். பட்டனைத் தட்டினேன். என் காதுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. தூரத்தில் யாரோ நெல் குத்துகிற மாதிரி தும், தும், தும் என்று அடியில் ஒரு இடி. கடை அலமாரியில் இருந்த டீ கிளாஸுக்குள் டீ மட்டும் நடுங்கியது.

நைனாவின் விரல் மேலே போயிற்று.

தெருவைப் பார்த்தேன். லாரி இல்லை. வண்டியை அணைத்தேன். விரல் கீழே இறங்கியது. போட்டேன். மேலே. அணைத்தேன். கீழே. அவரை ஏமாற்ற ரொம்ப நேரம் அணைத்தே வைத்திருந்தேன். விரல் கீழேயே இருந்தது, அசையவில்லை. சத்தம் போடாமல் போட்டேன். சத்தம் போடாமல் எப்படிப் போடுவது, என்னமோ மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். விரல் மேலே. இந்த முறை வட்டம் போட்டது. ஆவீஸ். முறுக்கச் சொல்கிறார். முறுக்கினேன். இன்னும் வட்டம். இன்னும் முறுக்கினேன். விரல் திரும்பிக் கீழே வட்டம் போட்டது. ஆரியா. தளர்த்தினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அப்புறம் ரெண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டார். எங்கள் வேலையில் அதற்கு அர்த்தம், எல்லாம் அப்படியே இருக்கட்டும், எதையும் தொடாதே.

“காதுல கேக்குதா, கால் வழியா தெரியுதா? தரையும் ஆடுதே” என்று பாய் சந்தேகப்பட்டார்.

“எத்துல கேட்டா இன்னா பாய்? நான் இன்னா அவருக்கு காது டெஸ்டா எட்த்துகினு கீறேன்?”

நைனா திரும்பி வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி அந்தக் குடுவையைத் தட்டிப் பார்த்தார். “எப்டி கீது?” என்று கேட்டேன். “சோக்கா கீது” என்றார். அது வாய். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

தோஸ்து அதைப் பார்த்துவிட்டு யார்டு முழுக்கச் சொன்னான். “மாமு காட்டெருமைக்கு ஜெபமாலை மாட்டிகினு வந்துகீறான்டா!” சிக்னலில் அதே காவலர் கையைக் காட்டினார். குனிந்து லத்தியை விட்டார். விரல் அளவுக்கு மேல் உள்ளே போகவில்லை. நிமிர்ந்து என் மண்டையைப் பார்த்தார். “வளந்துட்டியே” என்றார்.

ஆனாலும் ரெண்டு நாள் சந்துக்குள் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். கடையில் அவர் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார். சந்தில் அவர் காத்திருக்க மாட்டார், ஏதோ நினைப்பில் நடப்பார். அப்போதும் கேட்க வேண்டும். அவரிடம் சொல்லி வைத்துச் சோதித்தால் திரும்பிப் பார்த்துப் பீலா விடுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சந்து முனையில் நின்றேன். நைனா தூக்கோடு டீக்கடையிலிருந்து வந்தார். நான் சுவரோரம் பதுங்கிக்கொண்டேன். சந்துக்குள் திரும்பி, நடுவில் நடக்க ஆரம்பித்தார். எதிர் வீட்டு அக்கா வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனது. கும்பிட்டேன். வாயை மூடிக்கொண்டது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் இருபது அடி போகும் வரை பொறுத்தேன். சீட்டில் உட்கார்ந்தேன். பட்டனைத் தட்டி, ஹாரன் பக்கம் கையே கொண்டுபோகாமல், நடை வேகத்தில் உள்ளே விட்டேன். பிரேக்கில் விரல் இருந்தது. தும், தும், தும்.

பதினைந்து அடி. நடுவிலேயே நடக்கிறார். பத்து அடி. பிரேக்கை இறுக்கப் போனேன்.

நைனா திரும்பவில்லை. வலது கையில் தூக்கு ஆடாமல் இருந்தது. கால் மட்டும் இடது பக்கம் சுவரோரம் ஒதுங்கியது. இடது கை பின்னால் வந்து, ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்துச் சின்னதாக வட்டம் போட்டது. ஆரியா. மெதுவா வா.

எனக்கு அந்த நேரத்திலும் விளையாட்டுப் புத்தி. வண்டியைச் சட்டென்று அணைத்தேன்.

விரல் நின்றது. நைனா நின்றார். முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்குடா நிறுத்திட்டே?”

திரும்பப் பட்டனைத் தட்டினேன். நைனா முன்னால் நடந்தார். இடது கையின் விரல் மேலே பார்த்து வட்டம் போட்டுக்கொண்டே போயிற்று, வீட்டு வாசல் வரைக்கும்.